முன்னறையில் ஓர் இத்தாலிக்காரி

ராத்திரி வேலை பார்ப்பவர்களுக்குப் பகல்தான் ராத்திரி. இதை உலகத்துக்குப் புரியவைக்க நானும் முயன்று பார்த்துத் தோற்றுவிட்டேன். ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடிந்து வந்து, குளித்து, இரண்டு ரொட்டித் துண்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுவிட்டு நான் தலையணையில் தலை வைக்கும் நேரத்தில்தான் தெருவில் இருக்கிற அத்தனை பேருக்கும் சுறுசுறுப்பு பிறக்கும். அதிலும் எனக்கு நேர் கீழ்வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவர் லீவு நாளென்றால் சுத்தியலோடுதான் கண்விழிப்பார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் ஒருமுறை நன்றாகச் சண்டை போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். மேலிருந்து "அண்ணே" என்று கத்தினால் போதும், "தூங்குறியாம்மா? மன்னிச்சுக்கம்மா" என்று பதறி நிறுத்திவிடுவார். நான் புரண்டு படுப்பதற்குள் அதைவிடச் சின்னச் சுத்தியலை எடுத்துத் தொடங்குவார். சத்தம் குறைந்துவிட்டதாம்.

எல்லாம் அந்த மோட்டார் சைக்கிளால் வந்த வினை. அவர் லிஃப்ட் பார்க்கும் ஓர் உயரமான கட்டடத்தின் அடித்தளத்தில், கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் அது யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. இத்தாலியில் செய்த வண்டி. அதை விட்டுப் போனவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே யாருக்கும் தெரியவில்லை. கட்டட நிர்வாகத்துக்கு இடம் காலியானால் சரி. "எடுத்துட்டுப் போறவங்களுக்கே சொந்தம்" என்றார்களாம். வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாக, இவர் ஒரு சின்ன லாரி பிடித்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார். பெட்ரோல் டேங்கில் பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. சீட்டு என்று ஒன்று இல்லவே இல்லை. எஞ்சினின் இடது பக்கத்தில் பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு மாசம். ஒரே மாசத்துல ஓட வச்சிடறேன்" என்று மனைவியிடம் சொன்னார்.

மனைவியை நான் அக்கா என்பேன். திரைச்சீலை தைப்பவள். வீடு, அலுவலகம், எங்கள் ஆஸ்பத்திரியின் கட்டிலைச் சுற்றித் தொங்கும் பச்சைத் துணி எல்லாம் அவள் கையால் தைத்ததுதான். அந்த வீட்டில் தெருவைப் பார்த்த முன்னறை ஒன்றில்தான் நல்ல வெளிச்சம். அங்கேதான் அவளுடைய நீளமான வெட்டு மேசை இருந்தது. வண்டி உள்ளே வந்ததும் மேசை சமையலறை நடைக்குப் போனது. அன்றிலிருந்து அக்கா ஒருபக்கம் வெங்காயத்தையும் மறுபக்கம் துணியையும் நறுக்கிக்கொண்டு வாழ்ந்தாள்.

"இத்தாலிக்காரிய முன்னறையில குடிவச்சுட்டு, கட்டினவள அடுப்படிக்குத் துரத்திட்டாரு" என்பாள். அதிலிருந்து வண்டிக்கு அதுவே பெயராகிவிட்டது.

லிஃப்ட்காரர் வேலைசெய்கிற அழகை நின்று பார்க்கலாம். அதை நான் மறுக்க மாட்டேன். கழற்றிய ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பல் துலக்கும் பிரஷ் யாருடையது என்பது வேறு கதை. எஞ்சின் கூட்டில் பேரிங் உட்கார வேண்டுமென்றால் கூட்டைச் சூடாக்க வேண்டும், பேரிங்கைக் குளிர வைக்க வேண்டும். அப்போதுதான் தட்டாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகுமாம். ஆகவே கூடு அக்காவின் கேக் சுடும் ஓவனுக்குள் போனது. பேரிங் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டிக்குள் போனது. பேரிங் அற்புதமாக உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அக்கா சுட்ட கேக் எல்லாவற்றிலும் எஞ்சின் ஆயில் வாசனை வந்தது. எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். மரியாதைக்கு விழுங்கிவைத்தேன்.

இன்னொரு சங்கடம், அந்த வண்டிக்கு எல்லாமே தலைகீழ். நம் வண்டிகளில் கியர் இடது காலில், பிரேக் வலது காலில். இதிலோ கியர் வலது காலில், பிரேக் இடது காலில். காலமெல்லாம் ஒருவிதமாகப் பழகிய காலை மாற்றிப் பழக்க, லிஃப்ட்காரர் நின்றாலும் உட்கார்ந்தாலும் ஒத்திகை பார்த்தார். சாப்பிடும்போது மேசைக்கு அடியில் வலது பாதம் மேலும் கீழும் போய்வரும். தெரியாமல் எதிரே உட்கார்ந்தால் நம் காலில் கியர் விழும்.

வண்டிக்கு வண்ணம் பூசும் பொறுப்பு அக்காவின் தம்பிக்கு. அவன் கார் பெயிண்டர். அக்காவுக்கும் அவனுக்கும் வயது வித்தியாசம் அதிகம். அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குத் தலைவாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு வளர்த்தவள் அக்காதான். லீவு நாளில் வந்துவிடுவான். டேங்கை உப்புத்தாளால் தேய்ப்பான், பூசுவான், காயவிடுவான், மறுபடி தேய்ப்பான். மாமனும் மச்சினனும் முன்னறையில் தரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் தேய்த்துக்கொண்டே பேசுகிற பேச்சு மாடிக்குக் கேட்கும். பேச்சு முழுக்க ஒருவரை ஒருவர் திட்டுவதாகத்தான் இருக்கும்.

"மாமா, அந்த மண்ணெண்ணெயக் கொஞ்சம் தள்ளி வைங்க. என் பெயிண்டுல ஒரு சொட்டு பட்டுச்சு, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

"இப்ப மட்டும் என்னவா இருக்க?"

அந்தச் சிவப்பை நான் பார்த்திருக்கிறேன். பழுத்த மிளகாயின் சிவப்பு. இன்னும் ஒரே ஒரு பூச்சுதான் பாக்கி, பளபளப்புக்கு மேலே அடிக்கிற பூச்சு. அதற்குள் வீடு இரண்டுபட்டுவிட்டது.

காரணம் இரண்டு இரும்புத் துண்டு. எஞ்சின் வேகமெடுக்கும்போது ஸ்பார்க்கையும் கொஞ்சம் முன்கூட்டியே வரவைக்க, பிறை வடிவில் ஒரு ஜோடி உண்டாம். சுற்றுகிற வேகத்தில் அவை விரிந்துகொடுக்கும். "நம்ம லிஃப்ட்ல வேகம் மீறாமப் பார்த்துக்கிற கவர்னர் இருக்குல்ல, அதே கணக்குத்தாம்மா" என்று எனக்கு விளக்கினார். எனக்கு லிஃப்டில் பட்டனை அமுக்கத்தான் தெரியும். எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, கடைசியில் அந்த ஜோடியை மாட்டப் போனபோது அதைக் காணவில்லை.

முன்னறையைத் தலைகீழாகப் புரட்டினார். தரையை விளக்குமாற்றால் கூட்டி, கூட்டிய குப்பையைக் காந்தத்தால் துழாவினார். கிடைக்கவில்லை. இடையில் ஒருநாள் தம்பி அந்த அறையைச் சுத்தம்செய்து, வேண்டாத இரும்பைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டிருந்தான். அதுவும் அக்கா சொல்லித்தான். லிஃப்ட்காரருக்கு அதுபோதும்.

"நல்லா யோசிச்சுப் பாரு. எண்ணெய் பிடிச்சு, கறுப்பா, இந்தா இவ்வளவு" என்று கைவிரித்துக் காட்டினார்.

"அப்படி ஒண்ணு நான் பார்க்கவே இல்ல மாமா. துருப்பிடிச்ச தகரமும் ஒடஞ்ச போல்ட்டும்தான் போட்டேன்."

"உனக்கென்ன தெரியும்? இரும்பக் கண்டா போட்டுட்டு டீ குடிக்கிற ஆளுதானே நீ."

அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. தம்பி பிரஷ்ஷைத் தின்னரில் கழுவினான், துடைத்தான், டப்பாவை மூடினான். வேலைக்குப் போட்டுக்கொள்கிற சிவப்புக் கறை படிந்த சட்டையைக் கழற்றி முன்னறை ஆணியில் மாட்டினான். "வர்றேன்க்கா" என்று அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனவன் பிறகு வரவே இல்லை. அந்தச் சட்டையை அக்கா எடுக்கவும் இல்லை, துவைக்கவும் இல்லை.

லிஃப்ட்காரரின் தேடலோ நாளாக ஆகப் பித்தாகிவிட்டது. ஏதோ புத்தகத்தில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்து, மாடிப்படி ஏறும் இடத்துச் சுவரில் காணாமல் போன ஆளைத் தேடுவதுபோல ஒட்டிவைத்தார். அந்தப் படத்தில் ஒவ்வொரு பிறையும் ஓர் உள்ளங்கை அளவு இருந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் ஏறி இறங்கினேன். பிறகு தெரிந்த லேத்துக்காரரிடம் அதேபோல இரண்டு செய்துவாங்கி மாட்டினார். ஒன்று மற்றதைவிடக் கனம் கூடுதலாக அமைந்துவிட்டது. உதைத்தபோது எஞ்சின் திருப்பி உதைத்தது. உதைகோல் பாய்ந்து வந்து அவர் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. கட்டுப் போட்டது நான்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே அண்ணே?"

"அங்க எப்படி ஆச்சுன்னு கேப்பாங்கம்மா."

இதற்கு நடுவில் என் சொந்தத் தொல்லையையும் சொல்லியாக வேண்டும். தூங்கும்போது வெயில் முகத்தில் அடிக்காமலிருக்க, அக்காவிடம் கனமான கருநீலத் துணியில் ஒரு திரை தைத்து வாங்கியிருந்தேன். இந்த ஜோடி காணாமல் போனது தெரியவருவதற்கு ரொம்ப முந்தியே தைத்தது. முதலில் காற்றடித்தால் அது பறந்து, வெயில் சரியாக என் கண்ணில் வந்து குத்தும். அக்காவிடம் சொன்னதும், "அடியில ரெண்டு மூலையிலயும் கனமா எதையாவது வச்சுத் தைச்சிடறேன், புயலே வந்தாலும் அசையாது" என்றாள். அவளிடம் அதற்கென்றே ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. வாஷர், உடைந்த பக்கிள் என்று சின்னச் சின்ன இரும்பாகப் போட்டுவைத்திருப்பாள். சொன்னபடி தைத்தும் கொடுத்தாள். அதன்பிறகு திரை பறக்கவில்லை. ஆனால் காற்று வந்தால் மூலை இரண்டும் சுவரில் போய் டொக், டொக் என்று இடிக்கத் தொடங்கின. கீழே சுத்தியல், மேலே டொக். யாரிடம் போய் அழுவது?

அந்த வாரம் காற்றுக் காலம். வெள்ளிக்கிழமை மதியம் தூக்கம் கலைந்து கீழே இறங்கினேன். லிஃப்ட்காரருக்கு அன்றிலிருந்து மூன்று நாள் லீவு. இருவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். "வா, உக்காரு. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு" என்று அக்கா எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல். மேசைக்கு அடியில் வழக்கம்போல ஒரு பாதம் கியர் மாற்றிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை அவன் கிளம்புறான்" என்றாள் அக்கா, பருப்பை ஊற்றிக்கொண்டே. தம்பிக்குத் தூரத்துத் துறைமுகத்தில் கப்பலுக்கு வண்ணம் பூசும் வேலை கிடைத்திருந்தது. போனால் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது.

"கிளம்பட்டும். நல்லா இருக்கட்டும்."

"இந்த வீட்டுல ஒரு வாய் சாப்பிடாம கிளம்புறான்."

"நான் வேண்டாம்னா சொன்னேன்? கதவு தெறந்துதான் கெடக்கு."

"கதவு தெறந்து கெடக்கு. வாய் தெறக்கலையே."

"அவன் தெறக்கட்டும். 'தெரியாமப் போட்டுட்டேன் மாமா'ன்னு ஒரு வார்த்தை. நான் அவன் தலையவா வாங்கிடப் போறேன்?"

"போடாதவன் எதுக்குங்க சொல்லணும்?"

"போடலைன்னா எங்க போச்சு? கால் மொளைச்சு இத்தாலிக்கா போயிடுச்சு?"

"எனக்கென்ன தெரியும்? உங்க பொருள் எங்கன்னு என்கிட்ட கேட்டா? நான் என் மேசையே எங்க இருக்குன்னு தேடிக்கிட்டிருக்கேன்."

"இத பாரு, அந்த ஜோடி கெடைக்காது. உலகத்துல எங்க தேடினாலும் கெடைக்காது. அது தெரியுமா உனக்கு?"

"எனக்கும் ஒரு தம்பிதாங்க. உலகத்துல எங்க தேடினாலும் இன்னொண்ணு கெடைக்காது."

பாதம் நின்றது. லிஃப்ட்காரர் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். பிறகு, "உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றார்.

அக்கா எழுந்துபோய் உப்பு ஜாடியையே கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் ணங்கென்று வைத்தாள். கல்லுளிமங்கன் என்று வாய்வரை வந்ததைத் தண்ணீர் குடித்து விழுங்கினேன்.

மறுநாள் சனிக்கிழமை. இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் உட்காரக்கூட நேரமில்லை. வந்து விழுந்தேன். கண் செருகும்போது காற்று கிளம்பியது. டொக். காதில் தலையணையை வைத்து அமுக்கினேன். டொக், டொக். ஆத்திரம் என்றால் அப்படி ஓர் ஆத்திரம். வெயில் அடித்தாலும் பரவாயில்லை, இந்தச் சனியன் தொலையட்டும் என்று எழுந்து, பையிலிருந்து கட்டு வெட்டுகிற கத்தரியை எடுத்து, திரையின் அடிமடிப்பைப் பிரித்தேன். அக்காவின் தையல் லேசில் பிரியாது. இழுத்துப் பிய்த்தேன். ஒரு மூலையிலிருந்து ஒன்று விழுந்தது. மறு மூலையிலிருந்து இன்னொன்று.

இரண்டும் ஒரே அச்சு. வெள்ளிபோல மின்னின. கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. பிறை வடிவம், ஒரு நுனியில் ஓட்டை. ஓட்டை இருந்தது வசதியாகப் போயிற்று என்று அதில் நூலைக் கோத்துத் தைத்திருந்தாள்.

தூக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. படியிறங்கிப் போய் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, கையில் இருந்ததையும் சுவரில் இருந்ததையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஒரே ஒரு திருத்தம், வெண்ணெய் என் வீட்டில் இருந்திருக்கிறது.

அக்கா நடையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கையை நீட்டுங்க."

"என்னடி, தூங்கலையா?"

உள்ளங்கையில் வைத்தேன். பார்த்தாள். "இது நான் உன் திரையில தைச்சதுல்ல? ஏன் பிரிச்ச?"

"அக்கா, அண்ணன் ஒட்டிவச்ச படத்த நினைச்சுப் பாருங்க."

"அது எம்மாம் பெருசு."

"படத்தப் பெருசாக்கித்தானே ஒட்டினாரு."

மிஷினின் சக்கரம் அவள் கைபடாமலே இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"நான்தானா?" என்றாள். "நான்தான் தைச்சேனா? என் கையாலயே? அவன் எடுக்கலை எடுக்கலைன்னு நான் ஒத்தையா நின்னு கத்தினேன். எடுத்தது நானா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கை அப்படியே நின்றது. "இரு. இது எப்படி என் டப்பாவுக்குள்ள வந்துச்சு?"

அழுகை போன இடம் தெரியவில்லை. "என்னங்க" என்று அவள் கூப்பிட்ட குரலுக்கு, முன்னறையிலிருந்த லிஃப்ட்காரர் கையில் துணியோடு ஓடிவந்தார்.

பார்த்ததும் பிடுங்கிக்கொண்டார். இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பார்த்தார், விரலால் தடவினார். "இதேதான். எங்க இருந்துச்சு?"

"அது இருக்கட்டும். நீங்க எங்க வச்சீங்க?"

"நான் எங்க..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். பளபளவென்றிருந்த இரும்பைப் பார்த்தார். "கழுவினேன். உன் சோப்புத்தூள்லதான். கழுவி, காய வச்சேன். மண்ணெண்ணெய் நாத்தமே இருக்கக்கூடாதுன்னு. அப்புறம்... துருப்பிடிக்கும்னு... ஈரம் படாத எடமா..."

அவர் பார்வை மெல்ல நகர்ந்து, தையல் மிஷினுக்குப் பக்கத்திலிருந்த பிஸ்கட் டப்பாவில் போய் நின்றது. அந்த வீட்டில் மூடி இறுக்கமாகப் பொருந்துகிற டப்பா அது ஒன்றுதான்.

"பத்திரமா இருக்கட்டும்னுதான்..." என்றார்.

"பத்திரமாத்தான் இருந்துச்சு" என்றாள் அக்கா.

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கறுப்பாக, எண்ணெய் பிடித்து, இவ்வளவு பெரிதாக என்று ஊரெல்லாம் கைவிரித்துக் காட்டியவர், தானே வெளுத்து எடுத்ததை மறந்துபோயிருக்கிறார். "டீ குடிக்கிற ஆளுன்னு சொல்லிட்டேனே" என்றார். "அவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. நான் பார்த்தேன். பார்த்தும் சொன்னேன்."

"போன எடுங்க."

"போன்லயா?"

"பின்ன, தந்தியா அடிப்பீங்க?"

"இது போன்ல சொல்ற விஷயமில்ல. மூஞ்சிக்கு நேரா சொன்னத மூஞ்சிக்கு நேராத்தான் திருப்பி எடுக்கணும்."

"அப்ப பஸ்ஸுல போங்க. இப்பவே."

அவர் கையிலிருந்த ஜோடியைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்கும் புரிந்துவிட்டது. அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க. சொல்றதக் கேளுங்க."

"இதுக்காகத்தானே அவனப் பேசினேன். இதுலயே போய்ச் சொன்னாத்தான் சரியா இருக்கும்."

"அவன் நாளைக்குக் கிளம்புறான். நீங்க இத மாட்டி முடிக்கிறதுக்குள்ள அவன் கப்பலே ஏறிடுவான்."

"ஒரு மணி நேரம்."

"ஒரு மாசம்னு சொன்ன வாய்தானே அது."

ஆனால் உண்மையாகவே பொழுது சாய்வதற்கு முன் மாட்டிவிட்டார். தூசிபடாமல் சுற்றிவைத்திருந்த துணியைக் கழற்றி அந்தச் சிவப்பு டேங்கை ஏற்றினார். சீட்டுக்குப் பதில் ஒரு மெத்தைத் துண்டைக் கயிற்றால் கட்டினார். வாசலில் இறக்கி, கெண்டைக்காலில் ஒரு பழைய தலையணையைச் சுற்றிக்கொண்டு உதைத்தார். இருமியது. மறுபடி உதைத்தார். இன்னொரு உதைக்குத் தடதடவென்று பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். பெரிய இதயம் ஒன்று நிதானமாக அடிப்பதுபோல, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. வெளிச்சக்கரம் கிறுகிறுவென்று சுற்றியது. எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன.

அக்காவின் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்து போனது. உடனே மறைத்துக்கொண்டாள். "பிரேக்கு இடதுகால்ல" என்று கத்தினாள்.

"தெரியும்."

தெரு முனையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பழகின வலதுகால் அமுங்கியது. நிற்க வேண்டிய வண்டி கியர் மாறி முன்னால் பாய்ந்து குப்பைத் தொட்டியைச் சாய்த்தது. நாய் தப்பித்தது. லிஃப்ட்காரர் திரும்பிப் பார்க்காமல் வளைந்து போய்விட்டார். நானும் அக்காவும் போய்த் தொட்டியை நிமிர்த்தினோம்.

பிறகு அக்கா செய்த முதல் காரியம், முன்னறையைக் கூட்டித் துடைத்தது. எண்ணெய்க் கறைமேல் மரத்தூள் போட்டுத் தேய்த்தாள். வெட்டு மேசையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்து ஜன்னலோரம் போட்டோம். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "இங்க நின்னாத்தான் துணியோட நெறமே தெரியுது" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய் மீன் வறுக்கத் தொடங்கினாள். ஐந்தாறு பேருக்குக் காணும் அளவு மீன்.

"வருவானாடி?"

"வருவான்க்கா."

"வரலைன்னா இத யாரு திங்கிறது?" என்றாள். அடுத்த துண்டை எண்ணெயில் விட்டாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் போன் அடித்தது. கை மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். தம்பிதான்.

"அக்கா, இந்த ஆளுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மேல் பூச்சு அடிக்காத டேங்க எவனாவது வெளிய எடுப்பானா? பெட்ரோல் வேற வழிஞ்சிருக்கு. ஒரு பக்கம் பெயிண்ட் பூரா சுருங்கிப் போச்சுக்கா. நான் எத்தனை தடவ தேய்ச்சிருப்பேன் அத."

"அவரு எங்கடா?"

"இங்கதான். வாசப்படியில உக்காந்து தண்ணி குடிக்கிறாரு. வண்டி நின்னுபோச்சு."

"ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரு" என்றான்.

"என்னடா சொன்னாரு?"

"கத்திச் சொன்னாருக்கா. அணைச்சா மறுபடி பிடிக்காதுன்னு வண்டிய அணைக்காமயே சொன்னாரு. 'மாப்ள, என் தப்புடா, நான்தான்டா எடுத்து வச்சேன், உன்னப் பேசினது தப்புடா'ன்னு. அந்தத் தடதடப்புல காதுல விழலைன்னு சொன்னேன். மறுபடியும் சொன்னாரு."

"உனக்கு நெசமாவே கேக்கலையா?"

"மொத தடவையே கேட்டுச்சு. இருந்தாலும் இன்னொரு தடவ சொல்லுங்கன்னேன். தொண்டை கிழியக் கத்தினாரு. அந்த நேரம் பார்த்து வண்டி பொசுக்குன்னு நின்னுபோச்சு. அவரு கத்தினது மட்டும் தெரு பூரா கேட்டுச்சு. எதிர்வீட்டுக்காரரு, 'விட்டுக்குடுப்பா, பெரிய மனுஷன் எவ்வளவு நேரமா கேக்குறாரு'ங்கறாரு."

அக்கா சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. மாவுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் மாவு.

"சாப்பிட வாடா."

"வர்றோம். இத எவன் தள்ளிட்டு வர்றது? நான்தான்."

இருவரும் வந்துசேர்வதற்கு ரொம்ப முன்பே குரல் வந்துவிட்டது. மாமன் கைப்பிடியைப் பிடித்திருந்தார், மச்சினன் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தான். "அந்தப் பக்கம் சாயாம பிடிங்க மாமா." "நீ தள்ளுறியா, இல்ல தொங்கிட்டு வர்றியா?" "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா?" "வாய மூடிட்டுத் தள்ளு." வாசலுக்கு வந்ததும் பேச்சு நின்றது. அக்கா நிலைப்படியில் நின்றாள். தம்பி இளைத்துப்போயிருந்தான். எதையோ சொல்ல வந்தவள், "கைய கழுவிட்டு வா" என்று மட்டும் சொன்னாள்.

"இரு. இத எங்க விடறது? தூசிபடாத எடத்துல விடணும். காலையிலயே உக்காந்தா கெட்ட எடத்தத் தேய்ச்சு, மேல் பூச்சையும் அடிச்சு முடிச்சிடலாம். எனக்குச் சாயங்காலம்தான் ரயில்."

முன்னறைக்குள் எட்டிப் பார்த்தான். துடைத்த தரை. ஜன்னலோரம் மேசை. லிஃப்ட்காரரும் பார்த்தார். பார்த்துவிட்டு, யோக்கியமாக, "வெளியவே நிக்கட்டும். தார்ப்பாய் போட்டு மூடிக்கலாம்" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்தப் பக்கம் பிடி" என்றாள். மேசை மறுபடி சமையலறை நடைக்குப் போனது. இத்தாலிக்காரி முன்னறைக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் கீழே உப்புத்தாள் தேய்க்கும் சத்தம். திட்டிக்கொள்ளும் சத்தம். பிரிந்துபோன திரை காற்றில் கொடிபோலப் பறக்க, வெயில் நேராக என் முகத்தில். நான் பொட்டுக் கண் மூடவில்லை.

தம்பி போனபிறகு, திங்கட்கிழமை காலையில் அக்கா ஊசி நூலோடு மாடிக்கு வந்தாள். தரையில் உட்கார்ந்து என் திரையை மடியில் போட்டுக்கொண்டாள். பையிலிருந்து பிறைவடிவில் இரண்டு இரும்பை எடுத்தாள். லேத்தில் செய்து வாங்கிய போலி ஜோடி, அண்ணன் காலைக் கிழித்தவை.

"இதுல ஒண்ணு கனம் கூட. கொஞ்சம் கோணலாத் தொங்கும்" என்றாள்.

"பரவால்லக்கா. தம்பி நல்லபடியா கிளம்பினானா?"

"ம்." நூலைப் பல்லால் கடித்தாள். "போறப்ப ஆணியில இருந்த சட்டைய எடுத்துக் குடுத்தேன். புதுசு வாங்குற வரைக்கும் வேலைக்குப் போட்டுக்கடான்னேன். வாங்கிப் பார்த்துட்டு மறுபடியும் அங்கயே மாட்டிட்டான். 'இருக்கட்டும்க்கா, வந்து போட்டுக்கறேன்'னான்."

தையலை முடித்து, மடிப்பை நீவிவிட்டு, கீழே போனாள்.

நான் படுத்தேன். திரை கோணலாகத்தான் தொங்கியது. கொஞ்ச நேரத்தில் காற்று வந்தது. டொக், டொக். அன்றைக்கு நான் கத்தரியைத் தேடவில்லை.